அழைக்க வேண்டாம் பட்டியலும் அண்ணன் வீட்டுத் தொலைபேசியும்

முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் என் பெயரைப் பாதி விழுங்கிச் சொல்லி, இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். என்ன பதில் சொன்னாலும் அற்புதம் என்பார். முதுகுவலி என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், அதற்கும் அற்புதம்தான். ரொறன்ரோவுக்கு வந்த 1997இல் குளிரைப் பற்றி என்னை எச்சரிக்காதவர்கள் இல்லை. ராகலையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குளிரைச் சமாளிக்க இன்னுமொரு சுவெட்டர் போதும். இந்த நலம் விசாரிப்பைப் பற்றித்தான் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே வீட்டுக்கு வீடு தொலைபேசி உண்டு. அதன் இலக்கம் ஒரு தடித்த புத்தகத்தில் அச்சாகி எல்லோர் வீட்டுக்கும் போகும். கம்பளம் கழுவுகிறவர், காப்புறுதி விற்கிறவர், கூரை மாற்றுகிறவர் என்று எல்லோருக்கும் நம்மிடம் பேச ஏதாவது இருக்கும்.

வந்த முதல் வருஷம் ஒருவர் அழைத்து, உங்கள் வீட்டு ஜன்னல்களில் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டார். கேட்ட கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். மொத்தம் ஐந்து ஜன்னல், அதில் சமையலறை ஜன்னல் சரியாக மூடாது, இப்போதைக்கு மட்டை வைத்து அடைத்திருக்கிறோம் என்றேன். அவருக்கு மிகவும் சந்தோஷம். சனிக்கிழமை மூன்று மணிக்கு வரலாமா என்றார். வாருங்கள் என்றேன். சரியாக மூன்று மணிக்குப் பெட்டியோடு வந்தார். தேநீரும் பருப்பு வடையும் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கண்ணாடித் துண்டுகளைக் காட்டிப் பேசிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியபோதுதான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றார். நீங்கள் கேட்கவில்லையே என்றேன். வாசலில் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, தேநீருக்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். எதையும் விற்க நினைக்காமல் அன்று அவர் சொன்னது அது ஒன்றுதான்.

"ஆர் உமக்குச் சொன்னது அவரை உள்ளுக்கு விடச் சொல்லி?" என்றார் என் கணவர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ராகலையில் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

"வர்றேன்னு சொன்னாருங்க. வந்தாரு."

"இதுகள் எடுத்தால் டப்பெண்டு போனை வையும். அவ்வளவுதான்."

அதுதான் எனக்கு வரவில்லை. பேசுகிறவர் பேசி முடித்து வைப்பதற்கு முன்னால் நான் வைத்து எனக்குப் பழக்கமில்லை. வைக்க முடியாவிட்டால் பதிந்தாவது வைப்போம் என்று, பள்ளிக்கூட வரவுப் பதிவேடு மாதிரி ஒரு தடித்த கொப்பியில் கோடு போட்டேன். திகதி, நேரம், எத்தனை ரிங், அழைத்தவர், விடயம், கடைசியாக முதலில் வைத்தவர் யார். ஆறு பத்திகள். கடைசிப் பத்தியில் வருஷக் கணக்காக ஒரே பதில்தான்: அவர், அவர், அவர். "டீச்சர் இடாப்புக் கூப்பிடத் தொடங்கிட்டா" என்று இவர் சிரிப்பார். ஆனாலும் கொப்பி முடிந்தால் புதுக் கொப்பி வாங்கி வருகிறவரும் இவர்தான்.

தொலைபேசி மணியை நான் சும்மா விடாததற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்கு ஒரு தொலைபேசியும் கிடையாது. இருந்த ஒன்று ஆபீசில் பெரிய கிளாக்கர் மேசையில் இருந்தது. தொழிலாளி ஒருவருக்கு அழைப்பு வந்தால் ஆபீஸ் காவற்காரர் மேட்டில் நின்று பெயரைக் கூவுவார். கேட்டவர்கள் அடுத்த லயத்துக்குக் கூவுவார்கள். பெயர் போய்ச் சேருவதற்குள் நாலு லயமும் வாசலுக்கு வந்துவிடும். நல்ல செய்தி சொல்ல யாரும் ஆபீசுக்கு அழைப்பதில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் அப்பா இறந்த செய்தியும் அப்படித்தான் வந்தது. ஆபீசுக்கு ஓடியவர் என் அண்ணன் சின்னையா. அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. குறுக்குப் பாதையில் இறங்கி நான் படிப்பித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தார். வகுப்பு வாசலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "வேற யாரு வாயாலயும் நீ இத கேக்கக் கூடாதுன்னு ஓடியாந்தேன்" என்றார். பிறகுதான் செய்தியைச் சொன்னார்.

அண்ணன் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கங்காணி. விடிந்ததும் நடக்கும் பெரட்டில் ஆளைக் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புகிறவர். பிந்தி வந்தால் அவரிடம் கதை நடக்காது. அண்ணி பாக்கியம் ஒரு நாள் பிந்தி வந்தபோது, கணக்கப்பிள்ளையிடம் "இவங்களுக்கு அரைப் பேரு போடுங்க" என்று சொன்னவர் அவர். அரை நாள் வேலைக்காரி என்று பதிவதற்குத்தான் அரைப் பேர் என்பது. அண்ணி அதை இன்றைக்கும் மறக்கவில்லை. "கட்டுன பொண்டாட்டிக்கு அரைப் பேரு போட்ட மனுசன்" என்று கல்யாண வீடு, சாவு வீடு எல்லாவற்றிலும் சொல்வார். அண்ணன் கேட்டும் கேட்காத மாதிரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்.

1995இல் நான் கல்யாணம் செய்துகொண்டேன், நுவரெலியாவில், பதிவுக் கந்தோரில். அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று நாட்குறிப்பில் எழுதிக்கூட வைத்திருந்தேன். அன்று வாய் வரவில்லை. திங்கட்கிழமை காலை பெரட்டில், அத்தனை ஆட்களுக்கும் முன்னால், கணக்கப்பிள்ளை கேட்டாராம்: "என்ன கங்காணி, தங்கச்சிக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சாமே, எங்களுக்கெல்லாம் சோறு கெடையாதா?" அண்ணன் "ஆமாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெண்களை மலைக்கு அனுப்பினாராம். அவருக்கு யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை பிரச்சினை இல்லை. பதிவுக் கல்யாணமும் பிரச்சினை இல்லை. வேறு யார் வாயாலும் நான் கேட்கக் கூடாது என்று ஓடி வந்தவரை, ஊரார் வாயால் கேட்க வைத்துவிட்டேன். மாலையில் அண்ணியிடம் சொல்லி அனுப்பினார்: "இனிமே நல்லதோ கெட்டதோ எதையும் எனக்குச் சொல்ல வேணாம்னு சொல்லு." நான் விமானம் ஏறிய நாளிலும் அவர் மலைக்குப் போயிருந்தார். அதன் பிறகு அண்ணன் குரலை நான் கேட்கவில்லை.

அண்ணியோடு தொடர்பு அறுபடவில்லை. அதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட முறை ரிங். வெளிநாட்டு அழைப்புக்கு ராகலைக் கடைத்தெருவில் நிமிஷத்துக்கு வாங்குகிற காசில் ஒரு நாள் சமையல் முடிந்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மரக்கறி வாங்க வருகிற சாக்கில் அண்ணி கொமியூனிகேஷன் கடைக்குப் போய் எனக்கு ரிங் மட்டும் கொடுப்பார். நான் எடுக்க மாட்டேன். ஒரு ரிங் என்றால் கடிதம் கிடைத்தது. இரண்டு ரிங் அடித்து நின்றால், நான் இருக்கிறேன், திருப்பி எடு. மூன்று என்றால் அண்ணன் பக்கத்தில், எடுக்காதே. இந்த அட்டவணையை என் நாட்குறிப்பின் முதற் பக்கத்தில் வருஷா வருஷம் புதிதாக எழுதிக்கொள்வேன். 2006இல் அவர்களுடைய லயத்துக் காம்பரா அறைக்கே கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசி ஒன்று வந்தது. கூரையில் ஒரு அன்ரனாவும் ஏறியது. அட்டவணையை மாற்றவில்லை. அண்ணன் மாலையில் கோயிலுக்கோ சங்கக் கூட்டத்துக்கோ போனால் அண்ணி இரண்டு ரிங் கொடுப்பார். அவர்களுக்கு மாலை ஏழு மணி. கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், எனக்குக் காலை ஒன்பதரை. நான் வேலைக்குப் போவது பதினொன்றுக்கு. ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆகவே எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது.

2008 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது நாற்பதுக்கு, இரண்டு ரிங் அடித்து நின்றது. தொலைபேசியின் சிறு திரையில் வழக்கம்போல 'தெரியாத இலக்கம்' என்று இருந்தது. தொலைபேசி அட்டையைச் சுரண்டி, இருபத்துச் சொச்சம் இலக்கங்களை அழுத்தி, ராகலைக்கு எடுத்தேன்.

"ஹலோ."

அண்ணன்.

"ஹலோ... யாருங்க?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிரில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் தொலைபேசியை வைத்தேன். அன்று கடைசிப் பத்தியில் 'நான்' என்று எழுத வேண்டி வந்தது. அண்ணி ரிங் கொடுத்த பிறகு அண்ணன் பாதி வழியில் திரும்பி வந்திருப்பார் என்றும் எழுதினேன்.

மூன்று நாள் கழித்துத் திரும்ப இரண்டு ரிங். திருப்பி எடுத்தேன், திரும்பவும் அண்ணன். இந்தத் தடவை நான் வைக்கவில்லை, பேசவும் இல்லை. "கவுத கதா கரன்னே?" என்று, யார் பேசுவது என்பதைச் சிங்களத்தில் கேட்டார். பதில் இல்லை என்றதும் தமிழுக்கு வந்தார். "பேச வாயில்லாட்டி எதுக்கு ஒனக்குப் போனு?" என்று சொல்லிவிட்டு வைத்தார். இப்படியே மே, ஜூன் என்று போயிற்று. இரண்டு ரிங் வந்தால் திருப்பி எடுக்க வேண்டும் என்பது முறை. முறையை மீற என்னால் முடியவில்லை. அல்லது முறையைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அதை எழுதப் பதிவேட்டில் பத்தி இல்லை. எனக்கு வருகிற வேண்டாத அழைப்புகளை எல்லாம் கோடு போட்டுப் பதிந்துகொண்டிருந்த நான், ஏழு கடலுக்கு அப்பால் ஒரு மனிதருக்கு வேண்டாத அழைப்பாக இருந்தேன்.

அண்ணன் சொன்னதை எல்லாம் ஒரு சொல் விடாமல் 'விடயம்' பத்தியில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது அழைப்பு: "இந்தா பாரு, ராகலை பொலிசுல சொல்லிருவேன். எனக்கு அங்க ஆளு இருக்கு." (அப்படி ஒரு ஆளும் இல்லை.) நாலாவது அழைப்பு: "இங்க மழ. அவ்வளவுதான்." ஐந்தாவது: "பள்ளிக்கூடத்துக் கூரைய மாத்திட்டாங்க. இனி ஒழுகாது." ஆறாவது ஜூலையில்: "மகளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் சொகம். இப்பதான் சேதி வந்துச்சு. இன்னும் லயத்துல யாருக்கும் சொல்லல." அன்று தொலைபேசியை வைக்க அவருக்கு நேரமெடுத்தது. பேரப்பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்திருக்கும், யார் என்று தெரியாத ஆளாக இருந்தாலும், என்று அன்று குறிப்பு எழுதினேன். குற்றம் செய்தவளுக்கு, தன்னோடுதான் பேசுகிறார்கள் என்பது இலேசில் புரிவதில்லை.

ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் இரண்டு ரிங் வந்தது. பயந்துகொண்டே திருப்பி எடுத்தேன். அண்ணிதான்.

"டீச்சரம்மா! எப்புடி இருக்கீங்க? நாலு மாசமா ஒரு ரிங்கு குடுக்க முடியல. மக புள்ளப்பேத்துக்கு உடப்புசல்லாவையில போயி இருந்துட்டேன். நேத்துதான் வந்தேன்."

"நாலு மாசமா அங்கயா இருந்தீங்க? அப்ப எனக்கு ரிங் குடுத்தது யாரு?"

"எந்த ரிங்கு? அந்த வீட்டுல ஏது போனு?"

"ரெண்டு ரிங்கு அண்ணி. ஆறு தடவ. நேரம் எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"எழுதி வச்சா? எழுதி வச்சா ஆச்சா? நான் குடுக்கலையே!" என்றார் அண்ணி. பிறகு குரலை இறக்கி, "அப்ப அவருகிட்ட ஊமக் கோல் எடுத்தது..." என்று நிறுத்தினார். நான் தொண்டையைச் செருமினேன். "அடி ஆத்தி" என்றார் அண்ணி.

அந்த ரிங் யார் கொடுத்தது என்பதை எனக்கு விளக்கியவள் என்னோடு வேலை செய்யும் மரியா. அவள் முன்பு தொலைபேசியில் பொருள் விற்கும் இடமொன்றில் இருந்தவள். அங்கே ஆட்கள் இலக்கம் அழுத்துவதில்லையாம். மூன்று பேருக்காக ஒரு இயந்திரம் பத்து வீட்டை ஒரே நேரத்தில் அழைக்குமாம். முதலில் எடுத்த மூன்று வீட்டோடு அந்த மூன்று பேர் பேசுவார்கள். மற்ற ஏழையும் இயந்திரம் ஒரு ரிங்கிலோ இரண்டு ரிங்கிலோ வெட்டிவிடும். பெரட்டில் ஆள் மிஞ்சினால் திருப்பி அனுப்புவது போலத்தான் என்று எனக்குள் விளங்கிக்கொண்டேன். ஏதோ ஒரு கம்பனியின் இயந்திரத்துக்கு நான் மிஞ்சின ஆள். அது என்னைத் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு தடவையும் நான் அண்ணன் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறேன்.

"பட்டியல் வருகிறது, அதில் பெயரைக் கொடு" என்றாள் மரியா. அந்த இலையுதிர்காலத்தில்தான் 'அழைக்க வேண்டாம்' பட்டியல் திறந்தது. இலக்கத்தைப் பதிந்துவிட்டால் விற்பனைக்காரர்கள் அழைக்கக் கூடாது, அழைத்தால் முறைப்பாடு செய்யலாம். எனக்காகவே செய்தது போல இருந்தது. பதிந்தேன். பதிந்த பிறகு விதிகளை வாசித்தேன். அந்த ஒழுங்கு மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தர்ம ஸ்தாபனங்கள் அழைக்கலாம். அரசியல் கட்சிகள் அழைக்கலாம். பத்திரிகைச் சந்தா கேட்பவர்கள் அழைக்கலாம். கருத்துக் கணிப்புச் செய்பவர்கள் அழைக்கலாம். ஏற்கெனவே உறவு உள்ள கம்பனியும் அழைக்கலாம். உறவு என்றால் என்ன என்பதற்கும் விதி இருந்தது: கடந்த பதினெட்டு மாதங்களுக்குள் அவர்களிடம் எதையாவது வாங்கியிருந்தால் அது உறவு. அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டேன். அதன்படி பார்த்தால், நான் ஒரே ஒரு தடவை காலுக்குச் சப்பாத்து வாங்கிய கடைக்கும் எனக்கும் உறவு உண்டு. பதின்மூன்று வருஷம் வாய் பேசாத அண்ணனுக்கும் எனக்கும் கிடையாது. அண்ணன் எந்தப் பட்டியலிலும் பதியாமலே, ஒரு விலக்கும் வைக்காமல், 1995 முதல் தன் பட்டியலை நடத்தி வந்தவர். அரசாங்கத்தின் பட்டியலை விட அது நன்றாக வேலை செய்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒக்டோபரில் திரும்ப ஒரு தடவை இரண்டு ரிங் வந்தது. இந்தத் தடவை ராகலைக்கு எடுக்காமல், முறைப்பாட்டு இலக்கத்துக்கு எடுத்தேன். பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஏப்ரலிலிருந்து வாசித்தேன். மறுபக்கத்தில் இருந்தவர் பொறுமைசாலி.

"யார் அழைத்தது?"

"தெரியாது."

"என்ன விற்றார்கள்?"

"ஒன்றும் பேசவில்லை. இரண்டு ரிங் மட்டும்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அண்ணனுக்கு எடுத்தேன்."

"உங்கள் அண்ணன் தொலைபேசி விற்பனையில் இருக்கிறாரா?"

"இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கங்காணி."

"அவர் உங்களை அழைப்பதை நாங்கள் நிறுத்த வேண்டுமா, அம்மா?"

"அவர் பதின்மூன்று வருஷமாக என்னை அழைத்ததே இல்லை."

"அப்படியானால் பட்டியல் வேலை செய்கிறது" என்று சொல்லி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்.

வேலை செய்யத்தான் செய்தது. நவம்பரில் இரண்டு ரிங் ஒன்றுகூட வரவில்லை. கம்பளக்காரரும் கூரைக்காரரும் காணாமல் போனார்கள். விலக்குப் பெற்றவர்கள் மட்டும் வழக்கம்போல அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்றார்கள், அற்புதம் என்றார்கள். அந்த வருஷம் இவருடைய ஊர்ப் பக்கத்துப் போர்ச் செய்திகளால் எங்கள் வீட்டில் தொலைபேசியை யாரும் நிறுத்தி வைக்கத் துணியவில்லை. மணி அடித்தால் இவர் முகத்தைப் பார்ப்பேன். வெறும் சந்தாக்காரர் என்று தெரிந்ததும் இருவருக்கும் மூச்சு வரும். டிசம்பர் முடிந்தபோது பதிவேட்டில் ஒரு பக்கம்கூட நிறையவில்லை. இத்தனை ஒழுங்கான மாதங்கள் எனக்கு வாய்த்ததே இல்லை. ஒன்பது நாற்பதுக்குத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் உட்காருவதை மட்டும் நான் விடவில்லை.

ஜனவரியில் அண்ணியின் இரண்டு ரிங் வந்தது. குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை மணி நேரம். அங்கே இரவுச் சாப்பாட்டு வேளை. அண்ணன் பக்கத்து லயத்துக்குப் போயிருந்தார்.

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்லணும். ஒங்க அண்ணன் நேத்து என்னைக் கேக்குறாரு, ஏன்டி, அந்த ஊமக் கோல் இப்ப வர்றதே இல்லையேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன தெரியும்னேன். ஸ்டூலக் கொண்டாந்து போனுக்குப் பக்கத்துல போட்டு வச்சிருக்காருங்க. சங்கக் கூட்டத்துக்கும் போறதில்ல. காலு வலியாம். மலையேறுறப்ப வலிக்காத காலு!"

"அண்ணி, அவருக்குத் தெரியுமா?"

"நீங்கதானே படிச்சவங்க. வீட்டுக்குப் போனு வர்ற வரைக்கும் ஒம்பது வருசம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் ராகலைக்கு ஓடுனேன். நம்ம வாசல்லயே போஞ்சியும் கோவாவும் கெடக்கு. என்னத்துக்குடி போறேன்னு அந்த மனுசன் ஒரு நாள் கேட்டிருக்காரா? நேத்து சொல்றாரு, ஊமையா இருந்தாலும் மரியாத தெரிஞ்ச ஊமையாம். முந்தி வைக்கவே வைக்காதாம். இவரு வைக்கிற வரைக்கும் காத்திருக்குமாம். சின்ன வயசுலேருந்து அப்புடித்தானாம். இவரு சாப்பிட்டு எந்திரிக்காம எந்திரிக்காதாம்."

வைத்த பிறகு பதிவேட்டை எடுத்து ஏப்ரலிலிருந்து வாசித்தேன். இரண்டாவது அழைப்பு முதல் கடைசிப் பத்தியில் நானே என் கையால் எழுதியிருந்தது: அவர், அவர், அவர். இரண்டாவது அழைப்புக்குப் பிறகு அவர் சிங்களத்தில் ஒரு சொல் கேட்கவில்லை. யார் என்றும் கேட்கவில்லை. முகம் தெரியாதவரிடம் யாராவது பள்ளிக்கூடத்துக் கூரை இனி ஒழுகாது என்று சொல்வார்களா? அந்தக் கூரையின் கீழ் பாத்திரம் வைத்து மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டு படிப்பித்தவள் நான். பேத்தி பிறந்த சேதியை லயத்தில் யாருக்கும் சொல்லும் முன் எனக்குச் சொல்லியிருக்கிறார், வேறு யார் வாயாலும் நான் கேட்கக் கூடாது என்று. எல்லாவற்றையும் திகதி, நேரத்தோடு எழுதி வைத்துவிட்டு ஒன்றையும் வாசிக்காமல் விட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு யாரும் ரிங் கொடுக்கவில்லை. ரிங் வராமல் எடுப்பதற்கு எங்கள் அட்டவணையில் இடமில்லை. எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இங்கத்துப் பனிக்குச் சத்தமே கிடையாது. மறுபக்கம் ஒரே ரிங்கில் எடுபட்டது.

"ஹலோ."

"அண்ணே. நான்தாண்ணே."

இப்போது அவர் ஊமையானார். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஜனவரி மழை, ராகலைப் பக்கம் தை பிறந்தும் விடாத மழை. எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பதிவேட்டிலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

"அன்னிக்கு ஞாயித்துக்கெழமயே சொல்லணும்னுதாண்ணே வந்தேன். வாய் வரல. தப்புதாண்ணே."

"பெரட்டு முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு தெரியுமா?" என்றார் அண்ணன்.

"தெரியும்ணே."

"இப்ப வந்து நின்னா முழுப் பேரு போட முடியாது. அரைப் பேருதான்."

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "போட்டாருய்யா! தங்கச்சிக்கும் போட்டாரு அரைப் பேரு!"

"போடுங்கண்ணே" என்றேன்.

"சாப்பிட்டியா?" என்றார். காலை பத்து மணிக்குப் பக்கத்தில் இருந்தது. சாப்பிட்டேன் என்றேன். மாப்பிள்ளை சொகமா என்று கேட்டார். சுகம் என்றேன். அங்க என்ன, மழையா என்றார். பனி என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். அதன் பிறகு இருவரும் பேசவில்லை, இருவரும் வைக்கவும் இல்லை. அட்டையில் இருந்த நிமிஷங்கள் முடிந்து, ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் நன்றி சொல்லித் தொடர்பை அறுத்தது. முதலில் வைத்தவர் யார் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதி முடிப்பதற்குள் மணி அடித்தது. நாலு ரிங், முழுசாக. ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம். பட்டியல் தடுக்காத அழைப்பு. இளம்பெண் ஒருத்தி என் பெயரைப் பாதி விழுங்கிச் சொல்லி, இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"அரைப் பேர்" என்றேன், தமிழிலேயே.

அற்புதம் என்றாள் அவள். அவள் வாசித்து முடிக்கும் வரை நான் வைக்கவில்லை.